யார் யாரோடு சேரலாம்: கிள்ளான் பள்ளத்தாக்கில் தொழிற்சங்க எல்லைகள்

போர்ட் சுவெட்டன்ஹாம் துறைமுகத்தை 1963 வரை நடத்தி வந்தது மலாயா ரயில்வே. அந்த ஆண்டு ஜூலை 1ஆம் தேதி துறைமுகம் தனி வாரியம் ஒன்றின் பொறுப்புக்குப் போனது. 1972இல் ஊரின் பெயரே போர்ட் கிள்ளான் என்று மாறியது. 1986இல் கொள்கலன் முனையம் தனியார் கம்பெனியானது. அடுத்த சில ஆண்டுகளில் மீதிப் பணிகளும் தனியாரிடம் சென்றன. 1960இல் அங்கே வேலைக்குச் சேர்ந்து ஓய்வு வயது வரை உழைத்த ஒரு தொழிலாளியை எண்ணிப் பாருங்கள். அவர் காலையில் நுழைந்த வாசல் ஒன்றுதான். ஆனால் சட்டத்தின் கணக்கில் அவர் முதலில் ரயில்வே ஊழியர், பிறகு வாரிய ஊழியர், கடைசியில் கம்பெனி ஊழியர். ஒவ்வொரு மாற்றத்திலும் அவர் எந்தச் சங்கத்துக்குச் சந்தா கட்டலாம், யாரோடு சேர்ந்து நின்று சம்பளம் பேசலாம் என்பதும் மாறியது. ஒரு வாரியத்தின் ஊழியர், அந்த வாரியத்தின் ஊழியர் மட்டுமே உள்ள சங்கத்தில்தான் இருக்கலாம் என்பது மலேசியத் தொழிற்சங்கச் சட்டத்தின் நெடுங்கால விதி. வாரியம் கம்பெனியானால் அந்தச் சங்கத்தின் காலடி நிலமே நழுவிப் போகும்.

கூலி எவ்வளவு, வேலை நேரம் எவ்வளவு என்ற கேள்விகளுக்கு முன்னால் வரும் கேள்வி ஒன்று உண்டு. எந்தெந்தத் தொழிலாளர் ஒரே அணியாக மேசைக்கு வரலாம்? கூட்டுப்பேர அலகு என்று தொழிலாளர் சட்டம் படித்தவர்கள் சொல்வது இதைத்தான். அலகின் எல்லையை யார் வரைகிறாரோ, பேரத்தின் பாதி முடிவு அவர் கையில். மலேசியாவில் அந்தக் கோடு தொழிலாளர் கைக்கு அநேகமாக வந்ததே இல்லை. தொழிற்சங்கப் பதிவாளர் வரைந்தார், அமைச்சர் வரைந்தார், பல வேளைகளில் முதலாளியே வரைந்தார். எந்தப் பொருளைச் செய்கிறார்கள் என்பதைப் பார்த்து வரைந்தார்கள். எப்படி வாழ்கிறார்கள், யாரிடம் வேலை வாங்கப்படுகிறார்கள் என்பதைப் பார்த்து அல்ல. இதன் சுமையைத் தலைமுறை தலைமுறையாகத் தாங்கியவர்களில் முன்வரிசையில் இருப்பவர்கள் கிள்ளான் பள்ளத்தாக்கின் தமிழ்த் தொழிலாளர்கள். தோட்டம், ரயில்வே, துறைமுகம், பிறகு தொழிற்சாலை என அவர்கள் போன இடமெல்லாம் இந்தக் கோடும் கூடவே போயிற்று.

கோட்டின் தொடக்கத்தைத் தேடினால் 1941க்குப் போக வேண்டும். அந்த ஆண்டின் முதல் மாதங்களில் கிள்ளான், காப்பார் வட்டாரத் தோட்டங்களில் தமிழ்த் தொழிலாளர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். அவர்களுக்குத் துணையாக நின்றது கிள்ளான் மாவட்ட இந்தியர் சங்கம். கோலாலம்பூர் 'தமிழ் நேசன்' நாளிதழில் பணிபுரிந்த ஆர். எச். நாதன் அதன் முதன்மையான வழிகாட்டி. கோரிக்கைப் பட்டியலை இன்று படித்தாலும் மனம் கனக்கிறது. சீனத் தொழிலாளருக்குத் தரும் கூலியை எங்களுக்கும் தர வேண்டும். கள்ளுக்கடைகளை மூட வேண்டும். பிள்ளைகளுக்குச் சரியான பள்ளி, நோயாளிகளுக்குச் சரியான மருத்துவம் வேண்டும். பெண்களிடம் அத்துமீறுவது நிற்க வேண்டும். உறவினரும் நண்பரும் தோட்டத்துக்குள் வந்துபோக உரிமை வேண்டும். துரையோ (மேலாளரோ) கிராணியோ (எழுத்தரோ) எதிரே வந்தால் சைக்கிளை விட்டு இறங்கி நிற்க வேண்டும் என்ற கட்டாயம் ஒழிய வேண்டும். இவற்றோடு, சங்கம் அமைத்துக்கொள்ளும் உரிமை வேண்டும்.

இந்தக் கோரிக்கைகளில் எதுவும் ஒரு தோட்டத்துக்கு மட்டும் உரியதில்லை. சைக்கிளை விட்டு இறங்கும் அவமானத்துக்குத் தோட்ட எல்லை கிடையாது. அதனால் தொழிலாளர்களும் தோட்டக் கணக்கில் சேரவில்லை, மாவட்டக் கணக்கில் சேர்ந்தார்கள். தோட்டத்துக்கு வெளியே பத்திரிகைத் தொழிலில் இருந்த ஒருவரைத் தங்கள் குரலாக ஏற்றார்கள். துரைமாருக்குப் பொறுக்காததும் இதுதான். வெளியாள் ஒருவன் வந்து எங்கள் ஆட்களைக் கெடுக்கிறான் என்பது அவர்கள் வாதம். மே மாதத் தொடக்கத்தில் நாதன் கைதானார். வேலைநிறுத்தம் பரவியது. சிலாங்கூரில் நெருக்கடி நிலை அறிவிக்கப்பட்டது, படை வந்தது, துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளர் ஐவர் மாண்டனர். நாதன் இந்தியாவுக்கு நாடு கடத்தப்பட்டார். மலாயா மாநிலங்களில் தொழிற்சங்கச் சட்டம் 1940இலேயே எழுதப்பட்டிருந்தது. ஆனால் போர் முடிந்த பிறகுதான் அது நடைமுறைக்கு வந்தது. கிள்ளான் தொழிலாளருக்கு அது உதவவே இல்லை.

போருக்குப் பின் மலாயாவெங்கும் பொதுத் தொழிலாளர் சங்கங்கள் எழுந்தன. பால்மரம் வெட்டுபவரும் துறைமுகத்தில் மூட்டை தூக்குபவரும் நகராட்சித் துப்புரவாளரும் ஒரே சங்கத்தில் இருந்தனர். 1946இல் பதிவு கட்டாயமானது. எல்லாத் தொழிலையும் அணைத்த பொதுச் சங்கத்துக்குப் பதிவில் இடம் இல்லை என்றானதும், அவை தொழில்வாரியாகப் பிரிந்து, அகில மலாயா தொழிற்சங்கச் சம்மேளனத்தின் கீழ் மீண்டும் கைகோத்தன. 1948இல் அந்தப் பிடியும் அறுக்கப்பட்டது. அந்த ஆண்டுத் திருத்தத்தின் மூன்று விதிகளைக் கவனிக்க வேண்டும். சங்க நிர்வாகியாக இருப்பவர் அதே தொழிலில் மூன்று ஆண்டு அனுபவம் உள்ளவராக இருக்க வேண்டும். குறிப்பிட்ட சில குற்றங்களுக்குத் தண்டனை பெற்றவர் பொறுப்புக்கு வரக்கூடாது. ஒரே தொழிலைச் சேர்ந்த சங்கங்கள் மட்டுமே சம்மேளனமாக இணையலாம். ஜூன் மாதத்தில் அகில மலாயா சம்மேளனம் பதிவிழந்தது. அதே மாதம் அவசரகாலம் பிறந்தது. சம்மேளனத்தின் தலைவராக இருந்த எஸ். ஏ. கணபதி 1949 மே 4ஆம் தேதி கோலாலம்பூர் புடு சிறையில் தூக்கிலிடப்பட்டார்.

அரசின் அச்சத்துக்குக் காரணமே இல்லை என்று சொல்ல மாட்டேன். சம்மேளனத்தின் தலைமையில் கம்யூனிஸ்ட் கட்சியின் பிடி வலுவாக இருந்தது உண்மை. ஆனால் ஒரு கட்சியை அடக்க வரைந்த கோடு, அந்தக் கட்சி காட்டுக்குள் போன பிறகும், அவசரகாலம் 1960இல் முடிந்த பிறகும் அழியவில்லை. முதல் விதி நாதன் போன்ற 'வெளியாளை'த் தடுத்தது, மூன்றாவது விதி கணபதி நடத்தியது போன்ற பொது அணியைத் தடுத்தது. இரண்டும் அடுத்து வந்த எழுபது ஆண்டுச் சட்டத்தின் எலும்புக்கூடாகவே நின்றுவிட்டன.

இதே பிரிட்டிஷ் ஆட்சிதான் இந்தியாவுக்கு 1926இல் தொழிற்சங்கச் சட்டம் தந்தது. அதற்கு வித்திட்டது சென்னை. 1918 ஏப்ரலில் பெரம்பூர் பக்கிங்ஹாம், கர்னாடிக் ஆலைத் தொழிலாளர்களைக் கொண்டு பி. பி. வாடியாவும் திரு. வி. கலியாணசுந்தரனாரும் சென்னைத் தொழிலாளர் சங்கத்தை எழுப்பினார்கள். வாடியா ஆலைத் தொழிலாளி அல்லர், திரு. வி. க.வும் அல்லர். ஆலை நிர்வாகம் அவர்கள்மீது வழக்குப் போட்டது. அந்த வழக்கின் அதிர்ச்சிதான் தொழிற்சங்கத் தலைவர்களுக்குப் பாதுகாப்புத் தரும் சட்டம் பிறக்க ஒரு காரணமானது. அந்த 1926 சட்டத்தின்படி ஏழு பேர் சேர்ந்து விண்ணப்பித்தால் பதிய முடிந்தது, நிர்வாகிகளில் ஒரு பகுதியினர் வெளியாராக இருக்க முடிந்தது, பதியாமலும் சங்கம் நடத்த முடிந்தது. மலாயாச் சட்டத்திலும் ஏழு கையெழுத்துத்தான். ஆனால் இங்கே பதிவு இல்லாத சங்கம் சட்டவிரோதச் சங்கம். இந்திய ஏற்பாட்டிலும் குறைகள் உண்டு. ஸ்ரீபெரும்புதூர் சாம்சங் ஆலைத் தொழிலாளர்கள் 2024இல் ஒரு மாதத்துக்கு மேல் வெளியே நின்று, நீதிமன்றம் ஏறி, 2025 ஜனவரியில்தான் பதிவு பெற முடிந்தது. ஆயினும் நீங்கள் குளிர்பதனப் பெட்டி செய்பவர்கள், துணி துவைக்கும் இயந்திரம் செய்பவரோடு ஒரே சங்கத்தில் இருக்க முடியாது என்று அங்கே எவரும் அவர்களிடம் சொல்லவில்லை.

இங்கே சொன்னார்கள். விடுதலைக்குப் பின்னும் சொன்னார்கள். வி. டேவிட் பொதுச் செயலாளராக இருந்த தேசிய ஆலை, பொதுத் தொழிலாளர் சங்கம் பலவகை ஆலைத் தொழிலாளரை ஒன்றாகச் சேர்த்து வேகமாக வளர்ந்தது. 1958இல் அதன் பதிவு ரத்தானது, டேவிட்டும் காவலில் வைக்கப்பட்டார். மறு ஆண்டு முதல் நாடாளுமன்றத் தேர்தலில், பிரிக்ஃபீல்ட்ஸை ஒட்டிய பங்சார் தொகுதி மக்கள் அவரை வெற்றி பெறச் செய்தார்கள். ரயில்வே குவார்ட்டர்ஸும் தொழிலாளர் வரிசை வீடுகளும் நிறைந்த பகுதி அது. பின்னாளில் போக்குவரத்துத் தொழிலாளர் சங்கத்தையும் மலேசியத் தொழிற்சங்கக் காங்கிரஸையும் வழிநடத்தியவர் அவரே. 

1959ஆம் ஆண்டுத் தொழிற்சங்கச் சட்டம் கோட்டை இன்னும் நுணுக்கமாக்கியது. ஒரு சங்கம் ஒரே தொழிலை, அல்லது ஒத்த தொழில்களைச் சேர்ந்தவர்களைக் கொண்டிருக்க வேண்டியிருந்தது. எது ஒத்தது? பதிவாளரின் கருத்தில் எது ஒத்ததோ, அது. ஏற்கெனவே அந்தத் தொழிலில் ஒரு சங்கம் இருந்தால் புதிய சங்கத்தை மறுக்கும் அதிகாரமும் அவரிடமே. இதன் விளைவை மலேசியச் சங்கங்களின் பெயர்ப்பலகைகளிலேயே பார்க்கலாம். ரப்பர் பொருள் உற்பத்தி நிறுவன ஊழியர்களுக்கு ஒரு தேசிய சங்கம், உலோகமல்லாத கனிமப் பொருள் உற்பத்தி ஊழியர்களுக்கு ஒன்று, காகிதப் பொருள் உற்பத்திக்கு ஒன்று, மரப்பொருளுக்கு ஒன்று, உலோகத் தொழிலுக்கு ஒன்று. கிள்ளானை அடுத்த காப்பாரிலோ மேருவிலோ ஒரே வரிசையில் நிற்கும் நான்கு ஆலைகளின் தொழிலாளர்கள் ஒரே பேருந்தில் வந்து, ஒரே கடையில் தேநீர் குடித்து, நான்கு சங்கங்களுக்குப் பிரிந்து போவார்கள். எல்லாச் சங்கங்களுக்கும் மேலே உள்ள தொழிற்சங்கக் காங்கிரஸ், தொழிற்சங்கச் சட்டத்தின் கீழ் பதிவு பெற வழி இல்லாமல், சாதாரணச் சங்கங்களுக்கான சட்டத்தின் கீழ் பதிந்த அமைப்பு. அதனால் எந்த முதலாளியோடும் கூட்டு ஒப்பந்தம் பேச அதற்கு உரிமை இல்லை.

இந்தக் கோடு மிகக் கொடுமையாக விழுந்த இடம் மின்னணுத் தொழில். 1970களில் சுங்கை வேயிலும் உலு கிள்ளானிலும் சுதந்திர வர்த்தக மண்டலங்கள் திறக்கப்பட்டன. தோட்டங்களிலிருந்தும் கிராமங்களிலிருந்தும் ஆயிரக்கணக்கான இளம்பெண்கள் நுண்ணோக்கியின் முன் அமர்ந்து கம்பியிழை ஒட்டும் வேலைக்கு வந்தார்கள். மின்சாரத் தொழிலாளர் சங்கம் அப்போதே இருந்தது, அவர்களைச் சேர்த்துக்கொள்ள முன்வந்தது. பதிவாளர் மறுத்தார்: மின்சாரப் பொருள் வேறு, மின்னணுப் பொருள் வேறு, இரண்டும் ஒத்த தொழில்கள் அல்ல. விசிறி செய்பவள் சங்கத்தில் சேரலாம், சில்லு செய்பவள் சேரக் கூடாது. இது பொறியியல் முடிவு என்று நம்புவது எனக்குக் கடினமாக இருக்கிறது. சங்கம் இல்லாத தொழிலாளரைக் காட்டி வெளிநாட்டு முதலீட்டை அழைத்த காலம் அது. பதிவாளரின் 'கருத்து' அந்த அழைப்போடு சரியாகப் பொருந்தியது.

1988இல் அமெரிக்கத் தொழிற்சங்கங்கள் மலேசிய ஏற்றுமதிக்கான வரிச்சலுகையை எதிர்த்து மனுச் செய்தன. அந்த அழுத்தத்தில் செப்டம்பர் மாதம் தொழிலாளர் அமைச்சர் லீ கிம் சாய், மின்னணுத் தொழிலாளர் சங்கம் அமைக்கலாம் என்று அறிவித்தார். சில வாரங்களிலேயே அறிவிப்பு சுருங்கிவிட்டது. நாடளாவிய சங்கம் கூடாது, ஒவ்வொரு கம்பெனிக்குள்ளும் தனித்தனிச் சங்கம் மட்டும். ஜப்பானைப் பின்பற்றச் சொன்ன 'கிழக்கை நோக்கு' கொள்கையின் காலத்தில் உள்நிறுவனச் சங்கமே நாகரிகமானது என்று பேசப்பட்டது. 1989இல் சட்டத்தின் வரையறைக்குள்ளேயே 'நிறுவனம்' என்ற அலகு நுழைந்தது.

அந்தச் சிறிய அலகும் எவ்வளவு எளிதில் உடைக்கப்படும் என்பதை உலு கிள்ளான் காட்டியது. ஆர்.சி.ஏ. ஆலைத் தொழிலாளர்கள் அரசு சொன்ன விதிப்படியே தங்கள் கம்பெனிக்குள் ஒரு சங்கம் அமைத்தார்கள். கம்பெனியின் பெயர் ஹாரிஸ் சாலிட் ஸ்டேட் என்று மாறியிருந்தது. பிறகு நிர்வாகம் அதே குழுமத்தின் வேறொரு கம்பெனிக்கு உற்பத்தியை மாற்றியது. தொழிலாளர்களும் அங்கே மாற்றப்பட்டார்கள், சங்கத்தை முன்னின்று நடத்திய இருபதுக்கும் மேற்பட்டவர்கள் தவிர. அலகு என்பது 'கம்பெனி'. கம்பெனியைக் காலி செய்துவிட்டால் அலகும் காலி. பழைய கூட்டுக்குள் சங்கம் மட்டும் இருந்தது, அதற்கு உறுப்பினர் இல்லை. வழக்கு தொழிலியல் நீதிமன்றத்தில் தொடங்கி மேல்முறையீட்டு நீதிமன்றம் வரை போனது. 1996இல் தொழிலாளர் பக்கம் தீர்ப்பு வந்தது: இது ஆட்குறைப்பு அன்று, சங்கத்தை உடைக்கச் செய்த வேலை. மலேசியத் தொழிலாளர் சட்டத்தில் அதிகம் மேற்கோள் காட்டப்படும் தீர்ப்புகளில் அதுவும் ஒன்று. நீதி கிடைத்தது உண்மை. கிடைத்தபோது ஆறு ஆண்டுகள் ஓடிவிட்டிருந்தன, உலு கிள்ளானில் அந்தச் சங்கமும் இல்லை.

மின்னணுத் தொழிலாளருக்குத் தொழில்வாரிச் சங்கம் கிடைக்க 2010 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. டாக்டர் எஸ். சுப்ரமணியம் மனிதவள அமைச்சராக இருந்த காலத்தில், நாடளாவிய ஒரே சங்கமாக அல்லாமல், வட்டாரத்துக்கு ஒன்றாக நான்கு சங்கங்களுக்கு வழி விடப்பட்டது. கிள்ளான் பள்ளத்தாக்கு மேற்கு வட்டாரச் சங்கத்தின் கீழ் வந்தது. பொருளால் பிரித்த கோட்டுக்கு மேல் நிலப்படக் கோடு ஒன்று விழுந்தது. சிலாங்கூரிலும் பினாங்கிலும் ஆலை வைத்திருக்கும் ஒரே பன்னாட்டு நிறுவனம், இரண்டு சங்கங்களோடு தனித்தனியே பேசலாம் என்றானது.

எல்லாப் பிரிவுகளையும் பதிவாளர் தலையில் கட்டுவது நேர்மையாகாது. தோட்டத்துக்கே திரும்பி வருவோம். 1954இல் பி. பி. நாராயணன் தலைமையில் ஐந்து சங்கங்கள் இணைந்து தோட்டத் தொழிலாளர் தேசிய சங்கம் உருவானது. நாட்டின் மிகப் பெரிய சங்கமாக அது நெடுங்காலம் இருந்தது. கிராணிமாரும், மேற்பார்வை பார்க்கும் கண்டக்டர்களும், மருத்துவ உதவியாளரும் அதில் இல்லை. அவர்களுக்கு அகில மலாயா தோட்ட ஊழியர் சங்கம் தனியே உண்டு. தோட்ட முதலாளிகளின் சங்கம் ஒன்றுதான். அது இந்த இரு சங்கங்களோடும் வேறு வேறு ஒப்பந்தம் போடும். இந்தப் பிரிவு வெறும் காகிதப் பிரிவு அன்று. 1941இல் சைக்கிளை விட்டு இறங்கச் சொன்னவர்களில் கிராணியும் ஒருவர். ஆள் பெயர் போடுவதும் பால் எடை பார்ப்பதும் அவர் கையில். பால்மரம் வெட்டுபவரும் அவரும் ஒரே சங்கத்தில் சமமாக உட்கார்ந்து கோரிக்கை எழுதியிருப்பார்கள் என்று கற்பனை செய்ய என்னால் முடியவில்லை. எடை குறைத்துப் போட்டதாக ஒருவர் முறையிட்டால், அந்த முறையீட்டைச் சங்கம் யார் பக்கம் நின்று கேட்கும்? சில கோடுகள் வாழ்க்கையிலேயே இருக்கின்றன.

சிறிய அலகைத் தொழிலாளரே விரும்பிக் கேட்ட நிகழ்வும் உண்டு. மலேசியா ஏர்லைன்ஸில் தரைப்பணியாளரும் விமானப் பணியாளரும் அடங்கிய ஓர் உள்நிறுவனச் சங்கம் இருந்தது. அதற்கு முன்பிருந்த விமான ஊழியர் சங்கம் 1979இல் தகராறு ஒன்றின் நடுவே பதிவிழந்த பிறகு வந்தது அது. விமானப் பணியாளர்கள், தரைப்பணியாளரோடு சேர்ந்த சங்கத்தில் தங்கள் ஓய்வு நேரமும் கர்ப்பகால விதிகளும் ஓரத்தில் தள்ளப்படுகின்றன என்று கருதி, தங்களுக்கென்று தனிச் சங்கம் அமைத்தார்கள். 2013 ரகசிய வாக்கெடுப்பில் பெரும்பான்மையினர் அதையே தேர்ந்தார்கள். சிறிதா பெரிதா என்பது இரண்டாம் கேள்வி. எவருடைய விருப்பத்தால் வந்த கோடு என்பதே முதல் கேள்வி.

அமெரிக்காவில் 1935ஆம் ஆண்டுச் சட்டம் இந்த முடிவைத் தேசியத் தொழிலாளர் உறவு வாரியத்திடம் கொடுத்தது. அங்கேயும் கோடு வரைபவர் அதிகாரிதான். ஆனால் எதைப் பார்த்து வரைய வேண்டும் என்பதற்கு அளவுகோல் பேசிப் பேசி வளர்ந்திருக்கிறது: ஒரே மேற்பார்வையா, வேலையில் ஒருவர் இடத்தை ஒருவர் நிரப்புகிறார்களா, சம்பள முறை ஒன்றா, வேலையிடம் ஒன்றா, தொழிலாளர் என்ன விரும்புகிறார்கள். 1989இல் மருத்துவமனைகளுக்கென்று தனி விதி வந்து, செவிலியர், மருத்துவர், தொழில்நுட்பர் என எட்டு அலகுகள் வகுக்கப்பட்டன. உச்ச நீதிமன்றமும் 1991இல் அதை ஏற்றது. சிறிய அலகு போதுமா என்ற வழக்கில் வாரியம் 2011இல் ஒரு பக்கமும், 2017இல் மறுபக்கமும், 2022இல் மீண்டும் முதல் பக்கமும் சாய்ந்தது. ஆட்சி மாறும்போதெல்லாம் அளவுகோல் ஆடுகிறது என்பது பெரிய குறைதான். ஆனால் அளவுகோல் எழுத்தில் இருப்பதால், அது ஆடும்போது எல்லாருக்கும் தெரிகிறது, எதிர்த்து வாதாடவும் முடிகிறது.

மலேசியாவில் சங்கம் பதிவானதோடு வேலை முடிவதில்லை. முதலாளியின் அங்கீகாரம் பெற வேண்டும். 1967ஆம் ஆண்டுத் தொழிலியல் உறவுச் சட்டத்தின் 9ஆம் பிரிவு அதற்கானது. கிள்ளான் தொகுதியின் நாடாளுமன்ற உறுப்பினர் வி. மாணிக்கவாசகம் தொழிலாளர் அமைச்சராக இருந்த காலத்துச் சட்டம் இது. சங்கம் 'ஏ' படிவத்தை நிர்வாகத்திடம் கொடுக்கிறது. நிர்வாகம் 21 நாளுக்குள் ஏற்க வேண்டும், அல்லது மறுப்புக்குக் காரணம் சொல்ல வேண்டும். மறுத்தால் விவகாரம் தொழிலியல் உறவுத் துறைக்குப் போகும். பெரும்பாலும் ரகசிய வாக்கெடுப்பில் முடியும். வாக்காளர் பட்டியலில் யார் பெயர் இருக்கும் என்பதில்தான் இரண்டாவது கோடு விழுகிறது.

மேருவில் 600 பேர் வேலை செய்யும் ஓர் ஆலையை உதாரணத்துக்கு வைத்துக்கொள்வோம். மேலாளர்கள், நிர்வாகப் பொறுப்பில் உள்ளோர், கம்பெனி ரகசியம் கையாளும் பணியினர், பாதுகாப்புப் பணியினர் ஆகியோருக்காகப் சாதாரணத் தொழிலாளரைக் கொண்ட சங்கம் அங்கீகாரம் கேட்க முடியாது என்கிறது சட்டம். வாசலில் நிற்கும் காவலாளி கழிந்தார். மனிதவளப் பிரிவில் சம்பளச் சீட்டு அடிக்கும் குமாஸ்தா 'ரகசியப் பணி' என்று கழிந்தார். நேற்றுவரை சூப்பர்வைசர் என்று அழைக்கப்பட்டவர் இன்று 'எக்ஸிகியூட்டிவ்' ஆகிவிட்டால், சம்பளம் பெரிதாக உயராமலே அவரும் கழிவார். அவர் உண்மையில் ஆள் எடுக்கவும் நீக்கவும் அதிகாரம் உள்ளவரா, இல்லை வரிசையில் நின்று அதே வேலையைச் செய்பவரா என்று துறை விசாரிக்க வேண்டும். அந்த விசாரணைக்கே மாதங்கள் ஆகும். ஏஜெண்டு மூலம் வந்த இருநூறு பேர் ஆலையின் சம்பளப் பதிவேட்டிலேயே இல்லை. நேப்பாளம், வங்காளதேசத்திலிருந்து நேரடி ஒப்பந்தத்தில் வந்த தொழிலாளர் சங்கத்தில் சேரலாம். ஆனால் குடிமக்கள் அல்லாதவர் சங்கப் பொறுப்பு வகிப்பதைச் சட்டம் நெடுங்காலம் தடுத்தே வந்திருக்கிறது; அமைச்சர் தனி விலக்குத் தந்தாலன்றி. பெர்மிட்டு முடிந்து அவர்கள் ஊர் திரும்பும்போது உறுப்பினர் எண்ணிக்கையும் கரைகிறது. வழக்கு நீண்டு, வாக்கெடுப்பு நாள் வருவதற்குள் கையெழுத்துப் போட்டவர்களில் பாதிப் பேர் ஆலையில் இருக்க மாட்டார்கள். வராதவரின் வாக்கு எதிர்வாக்காகவே எண்ணப்படுகிறது என்று சங்கங்கள் ஆண்டுக்கணக்கில் முறையிட்டு வந்தது இந்தச் சூழலில்தான்.

ஏஜெண்டு, கான்டிராக்டர் என்ற கோடுதான் இன்று தமிழ்த் தொழிலாளர் குடும்பங்களை அதிகம் தொடுகிறது. 1990களின் நடுவில் அரசு மருத்துவமனைகளின் துப்புரவு, சலவை, பராமரிப்பு வேலைகள் தனியார் குத்தகைக்குப் போயின. வார்டைக் கூட்டும் அம்மா, செவிலியரின் பக்கத்தில் வேலை செய்கிறார், நோயாளியும் மருத்துவரும் அவரை மருத்துவமனை ஆளாகவே பார்க்கிறார்கள். ஆனால் அவர் அரசு ஊழியர் இல்லை, செவிலியர் சங்கம் அவருக்குத் திறக்காது. குத்தகை கைமாறினால் அவரது பணிமூப்பும் கேள்விக்குறி. மருத்துவமனைத் துணைப்பணித் தொழிலாளரின் தேசிய சங்கம் இவர்களைத்தான் சேர்த்து வருகிறது. பெருந்தொற்று நடுவே, 2020 ஜூனில் ஈப்போ மருத்துவமனை வாசலில் மறியல் செய்த அச்சங்கத்தார் கைது செய்யப்பட்டபோதுதான், இப்படி ஒரு தொழிலாளர் கூட்டம் இருப்பதே பலருக்குத் தெரிய வந்தது.

சங்கங்களைத் தொழில்வாரியாகப் பிரித்த அந்த வெளிக்கோடு இப்போது அழிந்துவிட்டது. மலேசியா, மலாயாவாக இருந்தபோதே 1961இல், பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பின் கூட்டுப்பேர உரிமை பற்றிய 98ஆம் உடன்பாட்டை ஏற்றது. சங்கம் அமைக்கும் சுதந்திரம் பற்றிய 87ஆம் உடன்பாட்டை ஏற்கவில்லை. அந்த அமைப்பின் குழு திரும்பத் திரும்ப எழுதியும் அசையாத விதி, பசிபிக் வணிக ஒப்பந்தப் பேச்சில் அசைந்தது. 2023 அக்டோபரில் மக்களவை நிறைவேற்றிய திருத்தம் 2024 செப்டம்பர் 15 முதல் நடைமுறையில் உள்ளது. ஒரே தொழில், ஒத்த தொழில், ஒரே நிறுவனம் என்ற கட்டு நீங்கியது. 1948இல் தொடங்கிய தடை எழுபத்தாறு ஆண்டுக்குப் பின் போனது என்பது எனக்குப் பெரிய மகிழ்ச்சி. சங்கங்களுக்குள்ளேயே ஓர் அச்சமும் எழுந்தது: ஒரே ஆலையில் மூன்று நான்கு சங்கங்கள் முளைத்தால், அவற்றில் ஒன்றை நிர்வாகமே வளர்த்துவிட்டால் என்ன செய்வது? நாட்டின் தொழிலாளர் நூற்றுக்கு ஆறு பேர் அளவில்தான் சங்கத்தில் இருக்கிறார்கள் என்னும்போது அந்த அச்சத்தை ஒதுக்க முடியாது.

அதற்குச் சட்டம் தரும் விடை, தனிப் பேர உரிமை. ஒரே தொழிலாளர் குழுவுக்கு ஒன்றுக்கு மேற்பட்ட சங்கங்கள் அங்கீகாரம் பெற்றிருந்தால், அவை தங்களுக்குள் பேசி ஒன்றைத் தேர்ந்துகொள்ள வேண்டும். முடியாவிட்டால் தொழிலியல் உறவுத் துறையின் தலைமை இயக்குநரிடம் போக வேண்டும். ஆக, 'ஒரே குழு' எது என்ற பழைய கேள்வி பதிவாளர் மேசையிலிருந்து இந்த மேசைக்கு இடம் பெயர்ந்திருக்கிறது. இந்த மேசைக்கு வேண்டியவை சில. எந்த அளவுகோலால் குழு வகுக்கப்படுகிறது என்பதை விதியாக எழுதி வெளியிட வேண்டும்; தொழிலாளரின் விருப்பம் அதில் முதல் வரியாக இருக்க வேண்டும். ஒவ்வொரு முடிவுக்கும் காரணத்தைத் துறை எழுத்தில் தர வேண்டும். கான்டிராக்டில் வேலை செய்பவர் யாருடைய கட்டளைக்குக் கீழ் வேலை செய்கிறாரோ, அவரோடு பேசும் உரிமையும் அவருக்கு இருக்க வேண்டும். வாக்காளர் பட்டியலை வாக்கெடுப்புக்கு முன்பே ஆலை வாசலில் மலாய், தமிழ், சீனம், நேப்பாளி, வங்காளி மொழிகளில் ஒட்ட வேண்டும். பெயர் விடுபட்டவர் அந்த வாரத்துக்குள்ளேயே துறையிடம் முறையிட்டுப் பதில் பெற வழி இருக்க வேண்டும்.